கல்லுக்கு இரண்டு பேர்

புத்தளம் தில்லையடியில் சுழியோடப் பழக முடியாது. களப்பு வளவின் பின்பக்கம் வரை வந்து நிற்கிறதுதான். ஆனால் கரையிலிருந்து நூறு யார் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கும் புத்தளம் களப்பில் ஆக ஆழமான இடமே ஐந்து மீற்றர் அளவுதான். இறாலும் நண்டும் உப்பும் இந்தக் கரையின் சரக்கு. மூச்சை அடக்கி இறங்க வேண்டுமென்றால் கற்பிட்டிக்கு அப்பால் வெளிக்கடலுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் சுழியோடிகள் தில்லையடியில் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் மாவட்டத்துச் சனம் பெரும்பகுதி புத்தளத்துக்கு வந்தது. தில்லையடியின் ஓலைக்கொட்டில்கள் பின்னாளில் கல்வீடுகள் ஆயின. வந்தவர்களில் முசலிப் பக்கத்தாரும் உண்டு. முசலி என்றால் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. இலங்கையின் முத்துக்குளிப்பு நூற்றாண்டுக் கணக்கில் நடந்த கரை அது. 1344 இல் புத்தளத்தில் வந்திறங்கிய இபுன் பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி எடுத்துக் காட்டியதும் அந்தக் கடலின் முத்துகளைத்தான். முத்துக்குளிப்புக்கு நம் பழைய சொல் சலாபம். இதே மாவட்டத்தின் தெற்கிலுள்ள சிலாபத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அந்த வழி வந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எண்பதை நெருங்குகிறார். முத்து அவருடைய வாப்பா காலத்தோடு போய்விட்டது, இவர் எடுத்தது சங்கு. அவரோடு கதைக்க வேண்டுமானால் வலப்பக்கமாக உட்கார வேண்டும். இடக்காது இளவயதிலேயே கடலோடு போய்விட்டது. சென்ற பருவத்தில் மூச்சடக்கிச் சுழியோடும் தொடக்கப் பயிற்சி ஒன்றுக்காகத் திருகோணமலைப் பக்கம் போகிறேன் என்று சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"காசு கட்டியா தம்பி மூச்சடக்கப் போறீங்க?"

காசு கட்டித்தான் போனேன். உலகம் முழுக்க இதற்கு ஒரே மாதிரியான பாடத்திட்டம் வந்துவிட்டது. பாடி, அய்டா, எஸ்.எஸ்.ஐ. என்று சான்றிதழ் தரும் அமைப்புகள் பல. அய்டா 1992 இல் தொடங்கியது. எல்லாருடைய முதற்படியும் ஏறத்தாழ ஒன்றுதான். வகுப்பில் ஒரு பொழுது, குளத்திலோ கரையோரத்திலோ ஒரு பொழுது, பிறகு மிதவையில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக் கடலில் இறக்கம். பாடியின் முதற்படிக்கு அசையாமல் மிதந்தபடி 90 செக்கன் மூச்சடக்க வேண்டும், ஒரே மூச்சில் 25 மீற்றர் கிடையாக நீந்த வேண்டும், 10 மீற்றர் ஆழம் தொட வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதற்படியில் 20 மீற்றருக்குக் கீழே விடமாட்டார்கள்.

இந்த எண்களைப் படித்ததும் எனக்கு வேறு சில எண்கள் நினைவுக்கு வந்தன. முத்துப் பார்களின், அதாவது முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளின், ஆழம் ஐந்து பாகத்திலிருந்து பத்துப் பாகம். பாகம் என்பது ஆறடி, ஆகவே ஒன்பது மீற்றரிலிருந்து பதினெட்டு மீற்றர். அரிப்புக் கடலில் நெடுங்காலம் முத்துப் பார்களுக்குக் கண்காணிப்பாளராக இருந்த கப்டன் ஸ்டூவர்ட் சொன்னதை எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் பதிந்திருக்கிறார். அடியில் 87 செக்கனுக்கு மேல் நின்றவரை ஸ்டூவர்ட் கண்டதில்லை, பதின்மூன்று பாகத்துக்குக் கீழே போனவரையும் கண்டதில்லை. வழக்கமான குளிப்பு ஒன்பது பாகத்தில் 55 செக்கனுக்குள் முடிந்துவிடும். முத்துக்குளிப்பவர் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் நின்றார் என்று ஊரில் அடிபடும் கதைகளை அந்த ஒரு கடிகாரம் தீர்த்துவைத்தது. ஆக, நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கடலில் பிழைப்பாக இருந்த ஆழமும் இன்று விடுமுறைக்கு வருகிறவருக்கு முதற்படியாக வைத்திருக்கும் ஆழமும் ஒன்றேதான். வேறுபாடு ஒன்று உண்டு. பயிற்சிக்காரர் ஒரு காலைக்கு ஏழெட்டுத் தடவை இறங்குவார், குளியாள் நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை இறங்கினார்.

முதல் நாள் வகுப்பில் நான் எதிர்பார்த்தது நுரையீரலைப் பெருப்பிக்கும் ஏதோ வித்தை. பாதி நேரம் போனது காதுக்கு.

கணக்கு எளிது. தரையில் நம் மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் இன்னொன்று கூடும். பள்ளிக்கூடத்தில் படித்த போயிலின் விதிப்படி, மேலே ஆறு லீற்றராக இருந்த நுரையீரல் காற்று பத்து மீற்றரில் மூன்று லீற்றர், இருபதில் இரண்டு லீற்றர். முதல் பத்து மீற்றரிலேயே பாதி போய்விடுகிறது. பிறகு வரும் ஆழங்களில் மாற்றம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ஆழம் என்று நாம் பயப்படும் இடத்தைவிட மேலே உள்ள சில மீற்றர்களே புதியவரின் காதைப் பதம் பார்க்கின்றன.

செவிப்பறைக்கு உட்பக்கம் ஒரு சின்ன அறை, அதில் கொஞ்சம் காற்று. அந்த அறையிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. வெளியே தண்ணீர் அழுத்தும்போது தொண்டையிலிருந்து இந்தக் குழாய் வழியே காற்றை ஏற்றி உள்ளேயும் அதே அமுக்கத்தைக் கொண்டுவர வேண்டும். ஏற்றாவிட்டால் செவிப்பறை உள்ளே வளையும், வலிக்கும், கடைசியில் கிழியும். இதில் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஒரு மீற்றர் சொச்சம் வித்தியாசம் சேர்ந்துவிட்டாலே குழாயின் வாய் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. வலித்தால் மூக்கைப் பிடிக்கலாம் என்று காத்திருப்பவர் பிந்திவிட்டார். வலிக்கு முன்னரே, மீற்றருக்கு ஒரு தடவையாவது, ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நெஞ்சிலிருந்து ஊதும் முறைக்கு இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயர். விமானம் இறங்கும்போது நாம் எல்லாரும் செய்வது அதுதான். தலைகீழாகத் தண்ணீரில் போகும்போது அது பாதி வழியில் கைவிட்டுவிடும், ஏனென்றால் சுருங்கிய நெஞ்சிலிருந்து காற்றைக் கால் பக்கமிருந்து தலைப்பக்கம் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். அதற்குப் பதிலாகப் பயிற்சியில் சொல்லித் தருவது, ஜேர்மன் மருத்துவர் பிரென்சல் போர்விமானிகளுக்காகக் கண்டுபிடித்த முறை. தொண்டையை மூடி, வாய்க்குள் மீந்திருக்கும் காற்றை நாக்கின் பின்புறத்தால் மேலே தள்ளுவது. சொல்ல எளிது. பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். "அண்ணா, மூக்கப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் 'க்' எண்டு சொல்லுங்கோ" என்றார். கண்ணாடி முன் நின்று பொத்திய மூக்கோடு ககர மெய்யைச் சத்தமில்லாமல் உச்சரித்தபடி இரண்டு இரவு கழித்தேன். மூக்குமடல் சற்றே புடைத்தால் சரி, கன்னம் புடைத்தால் பிழை. மூன்றாம் நாள் ஐந்து மீற்றரில் இடக்காது அடைத்துக்கொண்டது. திரும்பினேன். மறுபடி போனேன், மறுபடி ஐந்தில் நின்றது. அன்று முழுக்க அதற்குக் கீழே போகவில்லை. மூச்சு தாராளமாகக் கையில் இருந்தது.

வெள்ளைக்காரர் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி அப்போதுதான் எனக்கு விளங்கியது. 1803 இல் எழுதிய பேர்சிவல், முத்துக்குளிப்பவர் மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழியும், பல தடவை இரத்தமும் வழியும், ஆனாலும் தன் முறை வந்ததும் திரும்ப இறங்கிவிடுவார் என்கிறார். அவருக்கு அது ஆச்சரியமாகப் பட்டது. காலில் பாரக்கல்லோடு விறுவிறுவென்று இறங்கினால், ஒரு கையால் பொத்திய மூக்கில் ஒரு நொடி பிசகினாலும் செவிப்பறையோ முகவெலும்பின் உட்குழிகளோ கிழியும். அரபுச் சுழியோடிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார்கள். நம்மவர்கள் விரலையே நம்பினார்கள். தில்லையடிப் பெரியவரிடம் ஊர் திரும்பியதும் இதைக் கேட்டேன். வலப்பக்கம் உட்கார்ந்துதான்.

"காது 'டிக்' எண்டாத்தான் கீழ. 'டிக்' எண்ணாட்டி மேல. அண்டைக்குக் கண்ணுக்கு முன்னால பெரிய சங்கு ஒண்டு கிடந்திச்சு, நான் போனன்."

பிரென்சலின் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்தது மூச்சு. அடக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டத்தில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கிறதே, அது ஒட்சிசன் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒட்சிசன் குறைவதை உடல் வெகு பிந்தித்தான் கவனிக்கும். அது சதா எண்ணிக்கொண்டிருப்பது காபனீரொட்சைட்டை. இரத்தத்தில் அது ஒரு அளவுக்கு மேல் ஏறியதும் மூளைத்தண்டு மூச்செடு என்று கட்டளையிடும். நாம் மறுத்தால் நெஞ்சறைக்குக் கீழுள்ள பிரிமென்றகடு தானாகவே வெட்டி இழுக்கத் தொடங்கும். வயிற்றுக்குள் யாரோ உதைப்பது போல இருக்கும். உடலியலாளர்களான ஹால்டேனும் பிறீஸ்ற்லியும் 1905 இல் சுவாசத்தை ஆளுவது காபனீரொட்சைட்டே என்று நிறுவினார்கள்.  

அந்த உதைப்பு வரும்போது உடலில் இன்னும் நிறைய ஒட்சிசன் இருக்கும். தொடக்கப் பயிற்சியின் 90 செக்கன் என்பது பெரும்பாலும் இதைத் தெரிந்துகொள்வதற்குத்தான். முகம் குப்புற மிதக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் முதல் உதைப்பு. பக்கத்தில் நிற்பவர் தோளைத் தொடுகிறார், ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறீர்கள். இன்னும் ஐந்தாறு உதைப்பு. நேரம் முடிகிறது, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு 1 நிமிடம் 50 செக்கன் வந்தது, நீச்சல் பழகிய பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று நிமிடம். உலகச் சாதனை 2009 இல் பிரான்சின் மிஃப்சூட் வைத்த 11 நிமிடம் 35 செக்கன் என்று அய்டா பதிவு சொல்கிறது. அந்த மனிதர் வேறு ஜாதி என்று விட்டுவிடலாம்.

இந்த உண்மையின் மறுபக்கம் ஆபத்தானது. காபனீரொட்சைட்டுதான் எச்சரிக்கை மணி என்றால், அந்த மணியை அமுக்கிவிடவும் முடியும். முக்குளிக்கும் முன் நாய் இளைப்பது போல வேகமாக மூச்சிழுத்து விடுவதை நம் பையன்கள் செய்வார்கள், ஒட்சிசன் சேர்ப்பதாக நினைத்து. இரத்தத்தின் ஈமோகுளோபின் சும்மா இருக்கும்போதே நூற்றுக்கு 97, 98 பங்கு நிரம்பித்தான் இருக்கிறது, அதில் மேலும் ஏற்ற இடமில்லை. வேகமூச்சால் நடப்பது காபனீரொட்சைட்டு வெளியேறுவது மட்டும். மணி பிந்தி அடிக்கும், சில வேளை அடிக்கவே அடிக்காது. சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு போகும். அமெரிக்க உடலியலாளர் அல்பேர்ட் கிரெய்க் 1960களின் தொடக்கத்தில், நீச்சல் குளங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மூழ்கிப்போன சம்பவங்களை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார். பயிற்சியில் இறங்குமுன் செய்யச் சொல்வது வழமையான மூச்சை மெதுவாக இரண்டு நிமிடம் விடுவதும், கடைசியில் வயிறும் நெஞ்சும் நிறைய ஒன்று இழுப்பதும்தான்.

உடலே நமக்காகச் செய்துதரும் உதவிகளும் உண்டு. வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, யாராவது பக்கத்தில் இருக்க, உட்கார்ந்தபடி முகத்தை அமிழ்த்தி நாடியை எண்ணிப் பாருங்கள். எனக்கு 74 இலிருந்து 61 க்கு இறங்கியது. மூச்சு நின்று முகம் நனைந்ததும் இதயம் மெதுவாகிறது, கைகால் நாளங்கள் சுருங்கி இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுங்குகிறது. வாத்திலும் சீலிலும் முதலில் கண்ட இந்த அனிச்சையை நோர்வேயில் பயின்ற உடலியலாளர் ஷோலாண்டர் மனிதரிலும் அளந்தார். அவர் அளந்தது அவுஸ்திரேலியாவின் ரொரஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுத்தவர்களை. மண்ணீரலும் சுருங்கிக் கூடுதல் சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. இந்தோனேசியாவின் பஜாவு கடலோடிகளுக்கு அண்டைக் கிராமத்தாரைவிட மண்ணீரல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2018 இல் ஓர் ஆய்வு வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுழியோடியதில் மரபணுவே அதற்கு இசைந்துவிட்டதாம். முசலிக்காரர்களையும் தமிழகத்தின் கீழக்கரைச் சுழியோடிகளையும் யாராவது அளந்து பார்க்க மாட்டார்களா என்று எனக்கு ஓர் ஆசை.

நுரையீரல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. முழுதாக ஊதி வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஒன்றரை லீற்றர் அளவு மிஞ்சும். ஆறு லீற்றர் ஒன்றரையாகச் சுருங்கும் ஆழம் 30 மீற்றர். அதற்குக் கீழே போனால் நெஞ்சுக்கூடு நொறுங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 1960களில் மூச்சடக்கிச் சுழியோடிகளான மையோர்க்காவும் குரொஃப்ட்டும் 50, 60, 70 மீற்றர் போய் நொறுங்காமல் திரும்பிவந்தார்கள். 1968 இல் அமெரிக்கக் கடற்படைக்காரரான குரொஃப்ட்டை வைத்து ஷேஃபர் என்ற மருத்துவர் விடை கண்டார். சுருங்கிய நெஞ்சின் வெற்றிடத்துக்குள் இரத்தம் வந்து நிறைந்துகொள்கிறது. 1976 இல் ஜாக் மையோல் என்ற சுழியோடி 100 மீற்றரைத் தொட்டார். முதற்படிப் பயிற்சிக்கு இதெல்லாம் தேவையில்லாத தூரம்.

மூச்சடக்கிச் சுழியோடுபவர்களை ஆழம் கொல்வது அபூர்வம். கொல்வது கடைசிப் பத்து மீற்றர், மேலே வரும்போது. இதற்கும் காரணம் அதே போயிலின் விதிதான்.

இருபது மீற்றரில் இருக்கிறீர்கள், நுரையீரல் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 6 பங்குதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அமுக்கம் மூன்று மடங்கு. ஆகவே ஒட்சிசனின் பகுதியமுக்கம் 0.18 வளிமண்டலம். தரையில் வழமையாக மூச்சுவிடும்போது நுரையீரலின் உள்ளே இருப்பது 0.14 அளவுதான். அதாவது அடியில் நிற்கும்போது உங்களுக்குத் தரையைவிடத் தெம்பு. தெளிவாக இருக்கிறது, இன்னும் ஒரு சங்கு எடுக்கலாம் என்று தோன்றும். மேலே நீந்துகிறீர்கள். பத்து மீற்றரில் அதே ஆறு பங்கு 0.12. மேற்பரப்பில் 0.06, வழியில் தசை எரித்தது போக அதிலும் குறைவு. 0.05 ஐ நெருங்கினால் மூளை அணைந்துவிடும். வலி இல்லை, திணறல் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. மேலே வந்து தலையைத் தூக்கி இரண்டு மூச்சு விட்ட பிறகுகூட மயக்கம் வரலாம், ஏனென்றால் புதிய மூச்சின் ஒட்சிசன் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில செக்கன் பிடிக்கும். அதனால் வெளியே வந்ததும் 'உஷ்' என்று முழுதாக ஊதித் தள்ளக் கூடாது. கொஞ்சம் விட்டு, சட்டென்று நிறைய இழுத்து, ஒரு நொடி பிடித்து, மறுபடி அப்படியே மூன்று தடவை செய்ய வேண்டும். முகக்கண்ணாடியைக் கழற்றி "நான் ஓகே" என்று சொல்ல வேண்டும். கூட வந்தவர் அதற்குப் பிறகும் முப்பது செக்கன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், உதடு நீலமாகிறதா, கண் நிலைகுத்துகிறதா என்று.

மயங்கிவிட்டால்? தொண்டை தானாக இறுகி மூடிக்கொள்வதால் உடனே தண்ணீர் உள்ளே போகாது. முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் ஊதி, தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் பத்துச் செக்கனுக்குள் மூச்சு வந்துவிடும். எழும்பியவருக்கு மயங்கியதே தெரியாது. எங்கள் பயிற்சியில் இதை ஆளுக்கு ஆறேழு தடவை ஒத்திகை பார்த்தோம், மற்ற எதையும்விட அதிகமாக. பக்கத்தில் ஆள் இருந்தால் இது வெட்கப்படும் சம்பவம். ஆள் இல்லாவிட்டால் மரணம். 41 உலகச் சாதனைகள் படைத்த ரஷ்யப் பெண் நத்தாலியா மொல்சானோவா 2015 ஓகஸ்ற் 2 அன்று ஸ்பெயினின் ஃபொர்மென்தேரா தீவருகே, அவருக்கு ஒன்றுமே இல்லாத 35 மீற்றர் ஆழத்துக்குப் பொழுதுபோக்காக இறங்கினார். திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் வழிகாட்டிக் கயிற்றில் தன்னைப் பிணைத்திருக்கவில்லை.

ஒருவர் இறங்க ஒருவர் மேலே நிற்பதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பழைய சலாபத் தோணியின் நினைப்பு.

நடுச்சாமத்தில் தரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் கிளம்பும். விடியும்போது பாரின் மேல் நிற்கும். தோணிக்குப் பத்துக் குளியாள்கள், ஐந்து குளிக்கற்கள். முப்பது நாற்பது இறாத்தல் பாரமுள்ள கல்லில் கயிறு. குளியாள் வலக்காலின் விரல்களால் அந்தக் கயிற்றைக் கவ்விக்கொள்வார், இடக்கால் விரல்களில் வலைப்பை. ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறுகையால் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் விட்டுவிடுவார். அடிக்குப் போனதும் கால் கல்லை விடும், கல் மேலே போகும். கை எட்டிய சிப்பியெல்லாம் பைக்குள். முடிந்ததும் கயிற்றை வெட்டி இழுப்பார், மேலே உள்ளவர் சரசரவென்று இழுத்தெடுப்பார். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாள்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் தோணியோரம் இளைப்பாறிக்கொண்டு இருப்பார்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குப் பகுதியமுக்கம் தெரியாது. சிப்பியும் கூலியும்தான் தெரியும். ஆனாலும் கணக்கெல்லாம் சரியாக அமைந்துவிட்டது. இறங்கக் கல் இருந்ததால் தசை எரியவில்லை. ஏறக் கயிறு இருந்ததால் கடைசிப் பத்து மீற்றரில் நீந்த வேண்டியதில்லை. முறை மாறி இறங்கியதால் ஒவ்வொருவருக்கும் ஓய்வு கிடைத்தது. அந்தக் கயிற்றின் மறுமுனையில் எப்போதும் ஒரு விழித்த மனிதர் இருந்தார். சுறாவை மந்திரத்தால் கட்ட ஒருவரை அரசாங்கச் செலவிலேயே வைத்திருந்தார்கள், கடல்கட்டி என்று பேர். உண்மையில் உயிர் காத்தவர் கயிறு பிடித்தவர். அவரைப் பற்றி ஒருவரும் கதை எழுதவில்லை.

ஓய்வு என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பசிபிக்கில் துவாமோத்து தீவுகளில் முத்துச்சிப்பிக்காக 30 மீற்றரும் அதற்கு மேலும் நாள் முழுக்க, இடைவெளி விடாமல் இறங்கியவர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்தன. தாரவானா என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் நைதரசன் இரத்தத்தில் கரைந்து, வெளியேற நேரமில்லாமல் சேர்ந்து குமிழாகும் நோய் அது. சிலிண்டர் கட்டிய சுழியோடிகளுக்கு வருவதாக நாம் அறிந்த அதே நோய், மூச்சடக்கிப் போகிறவர்களுக்கும் வரும். தொடக்கப் பயிற்சியில் அடியில் இருந்த நேரத்தின் இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுக்கச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கரையில் இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் சிலிண்டர் கட்டித்தான் இறங்குகிறார்கள். அதில் கைகால் விழுந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. அது தனியாக எழுத வேண்டிய கதை. அட்டையின் விலை ஏற ஏற ஆழமும் ஏறுகிறது. மூச்சடக்கி இறங்குவது கரையோரத்துப் பையன்களின் மீன்குத்தும் விளையாட்டாகவும், அக்கரையில் பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பாகவும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டி, கூட்டமாகத்தான் போவார்கள். நம் பையன்கள் தனியாகப் போகிறார்கள், அல்லது இரண்டு பேராகப் போய் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள்.

பயிற்சிக்குக் காசு கட்ட எல்லாராலும் முடியாது, கட்டாயமும் இல்லை. நவம்பரில் வடமேற்குக் கடல் அமரத் தொடங்கும், ஏப்ரல் வரை கற்பிட்டிக்கு வெளியே தண்ணீர் தெளிவாக இருக்கும். அப்போது இறங்கும் தம்பிமாரிடம் கேட்பது இதுதான். மூச்சை வேகமாக இழுத்துவிட்டு இறங்காதீர்கள். காது 'டிக்' என்னாவிட்டால் திரும்புங்கள். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நில்லுங்கள், அவர் ஏறி வந்த பிறகும் முப்பது செக்கன் எண்ணி முடியும்வரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.